தையல் அறையின் பின்சுவர்

மலைச்சரிவில் மொத்தம் முப்பத்தொரு கல்வீடுகள். அதில் பதினேழாம் எண் வீட்டை இடிபாட்டிலிருந்து எழுப்பி நிறுத்தியவரை அங்கே எல்லோரும் டைல்ஸ்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். கல்வீட்டில் டைல்ஸுக்கு என்ன வேலை என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். ஒரு வேலையும் இல்லை. முப்பது வருடம் மண்டியிட்டுத் தரை ஒட்டிய மனிதர். பெயரும் அவரோடு சேர்ந்து படியேறி வந்துவிட்டது.

பத்தொன்பது வயதில் மண்டியிட்டவர். ஆஸ்பத்திரி, வங்கி, துணிக்கடை, ஊரில் பாதிக் குளியலறைகள் என்று அவர் கை படாத தரை குறைவு. ரசமட்டத்தின் கண்ணாடிக்குள் குமிழி நடுவில் வந்து நின்றால்தான் அவருக்கு மூச்சு சீராகும். வீட்டில் காலண்டர் சாய்ந்திருந்தால் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்துபோய் நேராக்குவார். “உங்களுக்குச் சோத்தையும் மட்டம் பாத்துத்தான் போடணும்போல” என்பாள் மனைவி.

நாற்பத்தொன்பதாவது வயதில் முட்டி வீங்கியது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “இது முட்டி இல்லைங்க, தேஞ்சுபோன செருப்பு. இனிமே மண்டி போட்டீங்கன்னா என்கிட்ட வராதீங்க” என்றார். அத்தோடு அந்தத் தொழில் முடிந்தது.

அதே வருடம், குடியிருந்த வாடகை வீட்டுக்குச் சொந்தக்காரரின் மகன் குடும்பத்தோடு வந்து இறங்க, வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. பிள்ளைகுட்டி இல்லாத வீடு; சாமான் ஒரு சின்ன லாரிக்குக்கூடப் போதவில்லை. மனைவி தையல் மிஷினை எடுத்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போனாள். இவர் பழக்கமான டைல்ஸ் கடையின் கிடங்கில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, காவலாளி என்ற பெயரில் படுத்துக்கொண்டார். ஒரு மாத ஏற்பாடு என்றுதான் பேச்சு. அது மூன்று வருடம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியைப் பார்க்கப் போவார். அக்கா வீட்டுக் கூடத்தில் அவருக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சகலை ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டே, “வாங்க சகலை, முட்டி எப்படி இருக்கு?” என்பார். பதில் வருவதற்குள் சேனல் மாறிவிடும். அக்கா டீ கொண்டுவந்து தருவாள், நல்ல டம்ளரில். நல்ல டம்ளர் விருந்தாளிக்கு. மனைவி மிஷினை விட்டு எழுந்து வந்து எதிரில் உட்காருவாள். இருபத்தாறு வருடம் ஒரே பாயில் படுத்தவளிடம் அடுத்த ஆட்கள் முன்னால் பேசுவதற்கு அவருக்கு ஒன்றும் அகப்படாது. “மருந்து போடுறீங்களா?” “ம்.” “துணி துவைக்க இருக்கா?” “நானே போட்டுக்கிறேன்.” பிறகு “சரி, வரட்டா” என்று எழுந்துவிடுவார். வாசல்வரை வந்து அவள் ஒருமுறை கேட்டாள்: “எத்தனை நாளைக்குங்க இப்படி, ஆஸ்பத்திரியில பாக்க வர்ற மாதிரி?”

அந்தக் கேள்வியோடுதான் அவர் மலைக்குப் போனார்.

கல்வீடுகளின் ஊர் அது, நாற்பது வருடத்துக்கு முன் ஊற்று வற்றிப்போய் மொத்த ஜனமும் இறங்கிவிட்ட இடம். கூரைகள் உள்ளே விழுந்து, சுவர்களுக்குள் மரம் முளைத்திருந்தது. ஒரு நிறுவனம் கீழேயிருந்து குழாயில் தண்ணீர் ஏற்றி, வீடுகளைத் திரும்ப எழுப்பப் பயிற்சி தந்தது. விழுந்த கல்லையே எடுத்துக் கட்டுவது, குழியில் மூன்று மாதம் ஊறிய சுண்ணாம்பையே சாந்தாக்குவது. புதுக் கல் உடைக்கக் கூடாது, சிமெண்ட் ஒரு பிடிகூடப் படியேறக் கூடாது. பயிற்சி முடித்து ஒரு வீட்டை எழுப்புகிறவருக்கே ஆயுள் முழுக்க அந்த வீடு. ஒரே நிபந்தனை, ஒரு மழைக்காலம் முழுக்க அதில் குடும்பமாகக் குடியிருந்து காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் வீட்டுப் பத்திரம். ஆள் இல்லாத கல்வீடு ஐந்தே வருடத்தில் மறுபடி விழுந்துவிடும். அடுப்புச் சூடும் ஜன்னலைத் திறந்து மூடும் கையும்தான் அதைக் காப்பாற்றும் என்பது அவர்கள் கணக்கு. டைல்ஸ்காரருக்கு இதில் இரண்டு விஷயம்தான் காதில் விழுந்தது. கல் கட்டுவது நின்றுகொண்டு செய்கிற வேலை. வீட்டுக்குக் குடும்பம் வேண்டும்.

பயிற்சி தந்தவள் முப்பத்துநாலு வயதுப் பெண். டீச்சரம்மா என்றார்கள். தொப்பியும் முழுக்கைச் சட்டையும், நகத்திடுக்கில் எப்போதும் சுண்ணாம்பு. முதல் வாரமே டைல்ஸ்காரரோடு முட்டிக்கொண்டது. அவர் ஒவ்வொரு கல்லுக்கும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, குமிழி நடுவில் நிற்காத கல்லையெல்லாம் தூக்கி வெளியே போட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அந்தக் கல்லுக்கு என்ன குறை?”

“கோணலா இருக்கு டீச்சர்.”

“நானும்தான் கோணலா இருக்கேன். என்னையும் வெளியே போடுவீங்களா? அதைக் கொடுங்க இப்படி.” ரசமட்டத்தை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஒரு வாரம் தரவில்லை. அந்த வாரம் அவர் தூக்குக்குண்டையும் கண்ணையும் வைத்தே கட்டினார். ராத்திரி தூக்கத்திலும் கை குமிழியைத் தேடியது.

பக்கத்துப் பதினாறாம் எண் வீட்டை எடுத்தவர் ஓய்வுபெற்ற ஏட்டு. ஏட்டையா ஒவ்வொரு கல்லையும் விசாரணைக் கைதி மாதிரி புரட்டுவார். “எந்த வீட்டுக்காரன்டா நீ? உண்மையைச் சொல்லு, மேலருந்து விழுந்தியா, கீழருந்து வந்தியா?” அவர் மனைவி பாதி கூரை போட்டதுமே மூட்டை முடிச்சோடு வந்துவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்த அம்மாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிடுவது கேட்கும். டைல்ஸ்காரர் தன் தூக்குவாளியைத் திறந்து தனியாகச் சாப்பிடுவார்.

பதினான்கு மாதத்தில் பதினேழாம் எண் எழுந்தது. இரண்டடித் தடிமன் சுவர், இரண்டு அறை, ஒரு அடுப்படி. பின்பக்க அறை மலையை ஒட்டியது. அதன் பின்சுவரில் பாதி மண்ணுக்குள் இருந்தது. பக்கவாட்டு ஜன்னலில் வெளிச்சம் நன்றாக விழுந்ததால் அதைத்தான் மனைவிக்குத் தையல் அறை என்று வைத்தார். மிஷின் எங்கே, இஸ்திரி மேஜை எங்கே என்று தரையில் கரித்துண்டால் கோடுகூடப் போட்டுவிட்டார். உள்ளே சுண்ணாம்புப் பூச்சு முடித்து, வெள்ளை அடித்து, அதன் பிறகே மனைவியைக் கூட்டிவந்தார்.

அவள் எண்பது படியும் ஏறி வந்து மூச்சு வாங்க நின்றாள். அடுப்படியைப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தாள். முகம் தெளிந்துகொண்டே வந்ததை அவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். பின் அறைக்கு வந்து சுவரில் கையை வைத்துத் தேய்த்து, உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். வெள்ளை வெளேரென்று இருந்தது.

“என்னங்க இது? மாவு மில்லு மாதிரி.”

“புதுசுல்ல. கொஞ்சம் உதிரும்.”

“நான் தைக்கிறது செக்யூரிட்டி ஆளுங்க சட்டை. கருநீலம். நூத்திருபது சட்டை மேல இது விழுந்தா நான் தைப்பேனா, தட்டிக்கிட்டே இருப்பேனா?”

“அதெல்லாம் சரியாயிடும்.”

“சரியாகட்டும், வர்றேன். ஒண்ணாம் தேதி அக்கா மக வேலை மாத்திக்கிட்டு வந்திடுறா. என் ரூம் அவளுக்கு. தூசு விழலன்னா இங்க வர்றேன். விழும்னா சொல்லிடுங்க, டவுன்ல லேடீஸ் ஹாஸ்டல் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். கோபமா சொல்லலைங்க. என் வேலை அது.”

ஒன்றாம் தேதிக்குப் பதினோரு நாள் இருந்தது.

டீச்சரம்மாவிடம் கேட்டார். அவள் சுவரைத் தொட்டுப் பார்த்து, “காத்துல சீக்கிரம் காஞ்சிருச்சுண்ணே. தண்ணி தெளிச்சு, மெல்லிசா திரும்ப அடிங்க. பத்து நாள் விட்டு இன்னொண்ணு. நாலஞ்சு தடவை. மூணு மாசத்துல ஒரு பொட்டுகூட உதிராது” என்றாள்.

“மூணு மாசமா?”

“இருநூறு வருஷச் சுவர். மூணு மாசத்துக்கு ஏன் பதறுறீங்க?”

ஹாஸ்டல் என்ற வார்த்தையை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் டீச்சரம்மா துணிக்கு ஒரு திரை கட்டித் தந்திருப்பாள். வேறு அறையை மாற்றித் தரச் சொல்லியிருப்பாள். பிற்பாடு அவளே அப்படிச் சொன்னாள்.

அந்த வாரக் கடைசியில் டீச்சரம்மா இரண்டு நாள் கூட்டத்துக்கு வெளியூர் போனாள். டைல்ஸ்காரர் கீழே போய், மூன்று மூட்டை சிமெண்ட்டைச் சாக்குக்குள் சாக்கு போட்டு, ஒவ்வொன்றையும் மூன்று பங்காகப் பிரித்து, முட்டி கதறக் கதறப் படியேற்றினார். பாதிப் படியில் ஏட்டையா எதிரே வந்தார்.

“என்னய்யா மூட்டை?”

“கோதுமை மாவு.”

“ரெண்டு பேர் சாப்பிட இத்தனை மாவா? கல்யாணமா பண்ணப் போற?” ஏட்டையா மூட்டையைப் பார்த்தார், இவர் முகத்தைப் பார்த்தார். முப்பத்தைந்து வருடம் மூட்டை சோதித்த மனிதர். “சரி சரி, பாத்துப் போ” என்று வழிவிட்டார்.

பின்சுவரைக் கொத்தி, சிமெண்ட் பூசி, பூச்சை மட்டமாக்கும் மணியாஸ் கட்டையால் இழுத்துத் தேய்த்தபோது முப்பது வருடக் கை திரும்ப வந்தது. ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் போய் நின்றது. எத்தனை நாளாயிற்று அதைப் பார்த்து என்று சுவர் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். வேலையோடு வேலையாக மற்ற மூன்று சுவர்களையும் அப்படியே முடித்தார். வெறும் சுண்ணாம்பு சிமெண்ட்டில் ஒட்டாது. அதனால் வெள்ளையில் பசை கலந்து மேலே அடித்தார். மற்ற அறைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

திரும்பி வந்த டீச்சரம்மா உள்ளே வந்து பார்த்து வாயைப் பிளந்தாள். “என்னண்ணே இது, தண்ணி மாதிரி நிக்குது சுவரு! அடுத்த பூச்சுக்குப் பத்து நாள் விடுவீங்கல்ல?”

“விட்டு விட்டுத்தான் அடிப்பேன் டீச்சர்.”

“டைல்ஸ் கைன்னா சும்மாவா?” என்று சிரித்தாள். அடுத்த வாரம் வந்த பார்வையாளர்களை நேராக இந்த அறைக்குத்தான் அழைத்து வந்தாள். அவர்கள் சுவரைப் படம் பிடித்தார்கள். அவர் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

ஒன்றாம் தேதி மனைவி வந்தாள்.

இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தார்கள். நன்றாக என்றால், சண்டை போடுகிற அளவுக்கு நன்றாக. குழம்பில் உப்பு, குளியல் தண்ணீர், அவர் துண்டைக் கட்டில் மேல் போடுவது என்று எல்லாவற்றுக்கும் சண்டை இருந்தது. விருந்தாளியோடு யாரும் சண்டை போடுவதில்லை என்பதால் அவருக்கு ஒவ்வொன்றும் இனித்தது. காலையில் மிஷின் ஓடுகிற சத்தத்தில் விழித்துக்கொண்டு கண்ணைத் திறக்காமல் படுத்திருப்பார். “எந்திரிங்க, தூங்கல நீங்க, எனக்குத் தெரியும்” என்பாள் உள்ளேயிருந்து.

மழை பிடித்த பத்தாம் நாள் பின்சுவர் வியர்த்தது.

கல்லுக்குள் மழைத் தண்ணீர் இறங்குவது அந்த ஊரில் எல்லாச் சுவருக்கும் உள்ளதுதான். சுண்ணாம்புப் பூச்சு என்றால் அந்த ஈரத்தை மெதுவாக அறைக்குள் விடும், ஜன்னல் காற்று அதைக் கொண்டுபோகும். இங்கே சிமெண்ட் வாயை அடைத்திருந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் மேலே ஏறிக்கொண்டே போய், பூச்சு முடிகிற இடத்தில் கோடு போட்ட மாதிரி கசிந்தது. டைல்ஸ்காரருக்கு இது தெரியாமல் இல்லை. முதல் மாதமே வகுப்பில் டீச்சரம்மா படம் வரைந்து சொன்னது. அவர் நோட்டில்கூட எழுதி வைத்திருந்தார்.

தினமும் மனைவி எழுவதற்கு முன் எழுந்து பழைய துணியால் சுவரைத் துடைத்தார். அப்படியும் ஒருநாள் அவள் கை வைத்துவிட்டாள்.

“என்னங்க, சுவர் ஈரமா இருக்கு?”

அப்போது சொல்லியிருக்கலாம். பிற்பாடு அந்த ஒரு நிமிடத்தைத்தான் அவர் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பார். வாயில் வந்தது வேறு.

“நீ உள்ளே வச்சு இஸ்திரி போடுற இல்ல? தண்ணி தெளிச்சு, ஆவி கிளம்பி… கல்வீட்டுக்கு அது ஆகாது.”

“ஆவியா? இவ்வளவு ஈரமா?”

“நூத்திருபது சட்டைன்னா சும்மாவா?”

அவள் நம்பினாள். நம்பாமல் இருக்க என்ன இருக்கிறது? சுவரைப் பற்றி அவருக்குத் தெரியாததா? மறுநாளிலிருந்து இஸ்திரி மேஜையை வெளித் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். மழைச் சாரல் அடிக்காத ஒரு மூலை, நீளக் கம்பி போட்டு கரண்ட், தலையில் ஒரு துண்டு. மலைக்காற்று எலும்புவரை இறங்கும் மாதம் அது. ஒரு சட்டை போட்டதும் விரல்களை இஸ்திரிப் பெட்டியின் பக்கவாட்டில் காட்டிச் சூடேற்றிக்கொண்டு அடுத்ததை எடுப்பாள். ஏட்டையா மனைவி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, “ஏம்மா, உள்ளே இடமில்லையா?” என்றாள். “எங்க வீட்டுச் சுவருக்கு ஆவி ஆகாதாம். மாமியாரைவிட மேலா இருக்கு அந்தச் சுவரு” என்று இவள் சிரித்தாள். டைல்ஸ்காரர் அடுப்படியில் நின்று அதைக் கேட்டார்.

மூன்று வாரம் அப்படிப் போயிற்று. அவளுக்கு இருமல் பிடித்தது. அவர் கஷாயம் வைத்துக் கொடுத்தார். தாழ்வாரத்துக்கு ஒரு தார்ப்பாய் கட்டினார், இரண்டாவது ஒன்றும் கட்டினார். மேஜையை உள்ளே கொண்டுபோகச் சொல்ல மட்டும் அவரால் முடியவில்லை. சொன்னால், பிறகு சுவர் ஏன் வியர்க்கிறது என்று ஒரு கேள்வி வரும்.

ஒரு மத்தியானம் அவள் கூப்பிட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “இங்க வாங்க கொஞ்சம்.”

தைத்து முடித்த சட்டைகளைப் பின்சுவரை ஒட்டிப் பலகையில் அடுக்கி வைத்திருந்தாள். அடுக்கை நகர்த்தியிருந்தாள். சுவர்ப் பக்கம் இருந்த நாற்பது சட்டைகளின் முதுகில் பூசணம் பச்சையும் கறுப்புமாகப் பூத்திருந்தது. அதற்குப் பின்னால் சுவர் உப்பி, ஒரு முறம் அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து கீழே கிடந்தது. அவள் அதில் ஒரு சில்லைக் கையில் எடுத்து வைத்திருந்தாள். ஒரு பக்கம் வெள்ளை. உடைந்த பக்கம் சாம்பல்.

“இது சிமெண்ட்டுதானே?”

அவர் குனிந்து பெயர்ந்த சில்லுகளை ஒதுக்கினார்.

“இருபத்தாறு வருஷம் உங்க சட்டையைத் துவைச்சவ நான். சிமெண்ட் எனக்குத் தெரியாதா? வாசனையே சொல்லுது.”

“நீ தூசுன்னு சொன்ன. ஒண்ணாம் தேதிக்குள்ள… ஹாஸ்டலுக்குப் போறேன்னு சொன்ன.”

“அது சரி. அதை நான் சொன்னேன். அதுக்காகப் பூசினீங்க, அதுவும் சரின்னே வச்சுக்குவோம்.” சில்லை மெதுவாக மேஜை மேல் வைத்தாள். “ஆவின்னு சொன்னது யாருங்க?”

அவர் தரையைப் பார்த்தார்.

“மூணு வாரம். அந்தக் காத்துல நின்னு. என்னால உங்க சுவர் கெட்டுப்போகுதேன்னு எனக்குத் தூக்கம் வரலைங்க. தினம் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு நினைப்பேன். நீங்க தார்ப்பாய் கட்டிக்கிட்டு இருந்தீங்க.”

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். பூசணம் பிடிக்காத சட்டைகளைப் பிரித்து எண்ணிக் கட்டினாள். சாயங்காலத்துக்குள் அக்காவுக்குப் போன் போட்டு, கூடத்தில் இடம் கிடைக்குமா என்று கேட்டாள். அக்கா போனில் என்னவோ கேட்க, “சண்டையெல்லாம் இல்லக்கா. ஈரம்” என்றாள். மறுநாள் காலை மழை விட்ட நேரத்தில், கைப்பையும் துணிக்கட்டுமாக இறங்கிப் போனாள். அவர் கட்டைத் தூக்கக் கை நீட்டினார். “முட்டியோட எதுக்கு?” என்று தானே எடுத்துக்கொண்டாள்.

டீச்சரம்மாவிடம் அவரே போய்ச் சொன்னார். அவள் வந்து, பெயர்ந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு ஏணி போட்டு ஏறி, உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடத்தை நகத்தால் அழுத்தினாள். நகம் இறங்கியது. கீழே இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

“இந்தச் சுவரைத்தாண்ணே நான் வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டினேன்.”

“தெரியும் டீச்சர்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா துணிக்குத் திரை கட்டித் தந்திருப்பேன். வேற அறையை மாத்தியிருக்கலாம். ஒரு வார்த்தைண்ணே.”

“வாய் வரல.”

சிமெண்ட்டைக் கொத்தி எடுத்தால் அதோடு கல்லின் முகமும் சேர்ந்து பெயரும். உத்திரத்தை மாற்ற மேல்பாதிச் சுவரை இறக்க வேண்டும். அதன் பிறகு கல் காய வேண்டும். இரண்டு வருடம் என்றாள். மழைக்காலம் முழுக்கக் குடும்பமாக இருக்கவில்லை என்பதால் பத்திரமும் இல்லை; வீடு சரியான பிறகு பயிற்சிக்கு வருகிறவர்களின் விடுதியாகிவிடும். “விதியை நான் எழுதலண்ணே, என்னால மாத்தவும் முடியாது” என்றாள். “ஆனா நீங்க போக வேண்டாம். புது பேட்ச் வருது. இந்தச் சுவரை அவங்களுக்குக் காட்டணும். வேற யார் காட்டினாலும் புத்தகம் படிச்ச மாதிரி இருக்கும்.”

அன்று மாலை ஏட்டையா வந்து வாசலில் நின்றார். “அந்த மாவு மூட்டையை அன்னிக்கே பிரிச்சுப் பாத்திருக்கணும்யா நான்” என்றார். “பொண்டாட்டி வரப்போறாளேன்னு ஆசையா இருக்கான், விடுன்னு விட்டுட்டேன்.” பிறகு தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

மனைவி மிஷினை எடுத்துப்போக வந்தது புது பேட்ச்சின் இரண்டாம் நாள். சகலையும் கூடவே ஒரு சுமையாளும் வந்திருந்தார்கள். பின் அறைக்குள் பதினொரு பேர் நெருக்கியடித்து நின்றார்கள். டைல்ஸ்காரர் கையில் உளியும் சுத்தியும் இருந்தன. சுவரின் கீழ்ப்பாதியைக் கொத்தியிருந்தார். கல்லெல்லாம் தோல் உரிந்த மாதிரி கரடுமுரடாக நின்றது.

“உள்ளே போன தண்ணி வெளியே வர வழி வேணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். “வழி இல்லைன்னா மேலே ஏறும். மேலே மரம் இருக்கு. இங்க தொட்டுப் பாருங்க. ஒவ்வொருத்தரா.”

வரிசையாக வந்து தொட்டுப் பார்த்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண் நோட்டில் குறித்துக்கொண்டே கேட்டாள்: “இதை யாருங்க பூசினது? கான்ட்ராக்டரா?”

“நான்தான்.”

அந்தப் பெண் குழம்பிப்போய், “தெரியாமலா?” என்றாள்.

“தெரிஞ்சுதான்.”

“அப்புறம் ஏன்?”

அவர் உளியைக் கை மாற்றிக்கொண்டார். மனைவி அப்போதுதான் நிலையருகில் வந்து நின்றிருந்தாள், யாரும் பார்க்கவில்லை.

“நான்தான் கேட்டேன்” என்றாள். எல்லோரும் திரும்பினார்கள். “தூசு விழுதுன்னு சொன்னேன். எனக்காகப் பூசினார்.”

அவர் அவளைப் பார்த்தார். ஒரு நொடி அவர் முகத்தில் நம்பிக்கை போல ஏதோ எழுந்தது. அவள் அதைக் கண்டுகொண்டவள்போலப் பார்வையை நகர்த்தி மிஷினைக் காட்டினாள். “கொஞ்சம் வழிவிடுங்க, அதை எடுக்கணும்.”

பயிற்சிக்காரர்கள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்கள். சகலையும் சுமையாளும் மிஷினின் தலையைக் கழற்றித் தனியாகவும், இரும்புக் காலைத் தனியாகவும் தூக்கினார்கள். “சகலை, இதோட ஸ்டூல் எங்கே?” என்று சகலை கேட்க, டைல்ஸ்காரரே போய் அடுப்படியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தார். அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து நூல்கண்டுகளையும் பாபின் டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டாள். ஒருமுறை இருமினாள்.

“மருந்து போடுறியா?” என்றார் அவர்.

“போடுறேன்.”

“ஞாயித்துக்கிழமை வரட்டுமா?”

பையின் ஜிப்பை இழுத்தாள், அது பாதியில் மாட்டிக்கொள்ள, திரும்ப இழுத்து மூடினாள். “அக்கா மக இருக்கா. கூடத்துல உக்கார இடமில்லை” என்றாள். “நானே போன் பண்றேன்.”

அவர்கள் படியிறங்குகிற சத்தம் கேட்டது. இரும்புக் கால் எங்கோ கல்லில் இடித்தது. “மெல்ல, மெல்ல” என்றாள் அவள். பிறகு அதுவும் கேட்கவில்லை. பதினொரு பேரும் அவரைப் பார்க்காமல் இருப்பதற்காகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மிஷின் நின்ற இடத்தில் தரையில் நாலு காலின் தடம் இருந்தது. டைல்ஸ்காரர் அதை மிதிக்காமல் சுற்றிப்போய் ஏணியை எடுத்துச் சுவரில் சாய்த்தார். “மேலே பாக்கணும்” என்றார். “யாராவது ஒருத்தர் ஏணியைப் பிடிச்சுக்குங்க. எனக்கு முட்டி சரியில்லை.”